கனவில் கண்ட மணிமுடி

கனவு காணாதவர் உலகில் இலர். அரசனும் காண்கிறான், ஆண்டியும் காண்கிறான். கண்ட கனவுக்குப் பொருள் யாது என்று விடிந்ததும் வினவாதவரும் மிகச் சிலரே. பாம்பு வந்தால் என்ன பலன், தேர் வந்தால் என்ன பலன், பல் விழுந்தால் என்ன பலன் என்று கூறும் சிறு நூல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். இத்தகைய பலன்களில் மணிமுடிக்கு எப்பொழுதும் உயர்ந்த இடம் உண்டு. முடியைக் கண்டால் பதவி வரும். முடி சூடக் கண்டால் புகழ் வரும். பிள்ளையின் தலையில் கண்டால் குலம் விளங்கும் என்பர்.

அருக நெறியினராகிய நாம் இதனை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? கனவில் வரும் முடியை நாம் எவ்வாறு கொள்ளுதல் வேண்டும்? இவ்வினா சிறியது போலத் தோன்றும். ஆயினும், நம் மக்களை நாம் எந்தக் கண்ணோடு நோக்குகிறோம் என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருக்கிறது. ஆதலின் சற்று நின்று சிந்திப்போம்.

கனவின் தகுதி

கனவை முற்றும் பொய் என்று நம் முன்னோர் தள்ளிவிடவில்லை. வருவதை உணர்த்தும் நிமித்தங்களை எட்டாக வகுத்து, ஆகாயம், பூமி, அங்கம், சுரம், வியஞ்சனம், இலக்கணம், சின்னம் என்பவற்றோடு சொப்பனத்தையும் ஒன்றாக வைத்தனர். தமிழிலும் கனவின் பயன் கூறும் கனாநூல் உண்டு.

ஆயினும் மற்றொன்றையும் மறத்தலாகாது. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் தரிசனாவரணீய கர்மத்தை ஒன்பது வகையாகக் கூறுகிறது. அவற்றுள் ஐந்து உறக்கத்தின் வகைகளே. அஃதாவது, உறக்கம் என்பதே உயிரின் காட்சியை மூடும் வினையின் பயன். கேவல ஞானம் எய்திய அருகப் பெருமானுக்கு உறக்கம் இல்லை. ஆகவே கனவும் இல்லை. அவர் நீக்கிய பதினெண் குற்றங்களுள் உறக்கமும் ஒன்றன்றோ? எனவே, கனவு என்பது மூடிய கண்ணுக்குத் தெரிந்த காட்சி. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அது திரை மறைத்த உண்மை.

பிற நாட்டாரும் இதனை ஆராய்ந்தனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கனவுப் பலன்களைத் தொகுத்த கிரேக்க அறிஞர் ஆர்ட்டெமிடோரஸ், கனவைக் கேட்குமுன் கண்டவர் யார், அவர் தொழில் யாது, செல்வரா வறியரா என்று கேட்டறிய வேண்டும் என்றார். ஒரே காட்சி எல்லார்க்கும் ஒரே பயன் தராது என்பது அவர் கருத்து. 1900 என ஆண்டிட்டு வெளிவந்த சிக்மண்ட் ஃபிராய்டின் நூல், கனவு என்பது உள்ளத்தில் அடங்கிக் கிடக்கும் விருப்பம் வேடமிட்டு நிறைவேறுவது என்றது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், உறக்கத்தில் கண்விழி விரைந்து அசையும் பொழுதுகள் உண்டென்றும், அப்பொழுது எழுப்பப்பட்டவர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறினர் என்றும் கண்டறிந்தனர். இவர்கள் வழிகள் வேறு வேறு. ஆயினும் கனவைப் பற்றிக் கேட்பவன் கனவு கண்டவரைப் பற்றியும் கேட்டாக வேண்டும் என்பதை இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பதினாறு கனவுகளில் இல்லாதது

இனி நம் சமயத்திற்கு வருவோம். தீர்த்தங்கரரைக் கருவுறும் தாய் பதினாறு கனவுகள் காண்பாள் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். மருதேவியும், பிரியகாரிணியும் அவற்றைக் கண்டனர். வெண்ணிற யானை, எருது, சிங்கம், யானைகள் நீராட்டும் திருமகள், இரு பூமாலைகள், முழுமதி, இளஞாயிறு, இரு பொற்குடங்கள், இரு மீன்கள், தாமரைத் தடாகம், கடல், சிங்காசனம், தேவ விமானம், நாகேந்திர பவனம், இரத்தினக் குவியல், புகையில்லாத் தீ ஆகியன அவை.

இவற்றை ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். சிங்காசனம் இருக்கிறது, இரத்தினங்கள் குவியலாகக் கிடக்கின்றன, யானை இருக்கிறது. மணிமுடி மட்டும் இல்லை! சுவேதாம்பர மரபில் கனவுகள் பதினான்கு. அவற்றிலும் முடி இல்லை. உலகாளும் சக்கரவர்த்தியைக் கருவுறும் தாயும் அந்தப் பதினான்கையே காண்பாள் என்று அம்மரபினரின் கல்ப சூத்திரம் கூறுகிறது. பேரரசனைப் பெறப்போகும் தாய்க்கும் கனவில் முடி காட்டப்படவில்லை என்பது வியப்புக்குரியது.

சமவசரணத்தில் வீற்றிருக்கும் பெருமானின் எட்டுப் பிராதிஹார்யங்களையும் எண்ணுவோம். அசோக மரம், பூமாரி, திவ்வியத்வனி, சாமரை, சிங்காசனம், ஒளிவட்டம், துந்துபி, முக்குடை. அரசர்க்குரிய குடை இங்கே மும்மடங்காகிவிட்டது, சாமரை உண்டு, முரசும் உண்டு, அரியணையும் உண்டு. முடி இல்லை.

இஃது ஏன்? நமக்குத் தோன்றும் விளக்கம் இது. குடை பிறர்க்கும் நிழல் தரும். முரசு பிறரை அழைக்கும். அரியணை இருந்து அறம் உரைப்பதற்குரிய இடம். அதன் மேலும் பெருமான் நான்கு விரற்கிடை உயர்ந்து, அதனைத் தீண்டாமலே எழுந்தருளியிருக்கிறார். முடி ஒன்றுதான் அணிந்தவன் தலையை மட்டும் தொடுவது. அதனால் பிறர்க்கு நிழலும் இல்லை, ஒலியும் இல்லை. 'யான் உயர்ந்தவன்' என்பதைச் சொல்வதன்றி அதற்கு வேறு பணி இல்லை. நம் நூல்கள் விலக்கச் சொல்லும் எண்வகை மதத்தையும், அதாவது அறிவு, பெருமை, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடல் என்பவை பற்றி எழும் செருக்கையும், ஒரே பொருளில் வடித்துக் காட்ட வேண்டுமானால் அப்பொருள் மணிமுடியே ஆகும்.

'பிறந்த குழந்தைக்கு இந்திரனே முடி சூட்டி அணி செய்கிறானே! பஞ்சகல்யாண விழாவில் நாமும் இராஜ்யாபிஷேகம் செய்கிறோமே!' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவ்விழா அங்கே நின்றுவிடுவதில்லை. தீட்சை கல்யாணத்தில் அந்த முடியும் கழற்றப்படுகிறது. பின்னர் ஐந்து பிடியாகத் தலைமயிரும் களையப்படுகிறது. 'முடி' என்னும் ஒரே சொல் தமிழில் மகுடத்தையும் குறிக்கும், மயிரையும் குறிக்கும். பெருமான் இரண்டையும் நீக்கினார். பூசையில் இந்திரன் இந்திராணியாக நாம் அணியும் அட்டை முடியும் இத்தகையதே. முடியணிந்த தலை பெருமானின் திருவடியில் தாழ்வதற்காகவே அதனை அணிகிறோம். பூசை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுகிறோம். சுவேதாம்பர அன்பர்கள் திருவுருவத்திற்கு முடி சாத்தி வழிபடுவது அவர்தம் மரபு. அரச நிலையில் இருந்தும் அதனைத் துறந்தவர் என்று நினைந்து வழிபடுவோர்க்கு அங்கும் கருத்து ஒன்றே.

விசயை கண்ட முடி

அப்படியாயின் கனவில் முடியைக் கண்டவர் நம் நூல்களில் எவரும் இலரா? உளர். அவள் ஏமாங்கத நாட்டு இராசமாபுரத்து அரசி விசயை. திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியின் முதற்பகுதியிலேயே அக்கனவு வருகிறது. 1887-ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் அக்காவியத்தைப் பதிப்பித்தபோது, அதன் சமயப் பொருள்களைக் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டுத் தெளிந்தார் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத் தக்கது.

விசயை கண்டது இது. பூத்து நின்ற அசோக மரம் ஒன்று முறிந்து வீழ்ந்தது. அதன் அடியிலிருந்தே ஒரு முளை ஓங்கி வளர்ந்தது. அம்முளையில் முடியும் எட்டு மாலைகளும் விளங்கின. விழித்தவள் அருகனை வணங்கிக் கணவனிடம் கனவை உரைத்தாள். மன்னன் சச்சந்தன் பொருள் கூறினான். முடி உன் மகன். முளை அவன் பெறும் ஆக்கம். மாலைகள் அவனுக்கு வாய்க்கும் தேவியர் என்றான். இனியவை அனைத்தும் இவ்வாறு முன்னே வந்தன. மரம் வீழ்ந்ததன் பயன் இறுதியில்தான் வந்தது. அது தனக்கு ஓர் இடையூறு உண்டென்பதைக் காட்டுவது என்றான். கேட்ட விசயை மயங்கி வீழ்ந்தாள்.

கனவு கண்ட முறையையும் பலன் சொன்ன முறையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கனவில் முதலில் வந்தது வீழ்ந்த மரம். பலனில் முதலில் வந்தது முடி. அரசனைக் குறை கூறுதற்கில்லை. கருவுற்றிருக்கும் மனைவியிடம் எவன்தான் துயரத்தை முன்வைப்பான்? ஆயினும் முடியும் மரமும் ஒரே கனவின் இரு பாதிகள். முளை வானத்திலிருந்து வரவில்லை. வீழ்ந்த மரத்தின் அடியிலிருந்தே வந்தது. ஒருவன் தலையில் முடி ஏறுமுன் அங்கே யாரோ ஒருவர் வீழ்ந்திருக்கிறார். இதனை மறைத்துப் பலன் சொல்வது அரைப்பலனே ஆகும்.

மேலும், அந்த மரம் ஏன் வீழ்ந்தது? தேவியின்பால் கொண்ட காதலால் அரசன் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்தான். கட்டியங்காரன் அதனைத் தனக்கே உரிமையாக்கிக்கொள்ள எண்ணிப் படையோடு வளைத்தான். அரசன் தேவியை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போரில் மடிந்தான். ஆகவே மரம் கனவினால் வீழவில்லை. செய்த வினையால் வீழ்ந்தது. கனவு அறிவித்தது, நடத்தவில்லை. இவ்வேறுபாடே நமக்குக் கைவிளக்கு.

சிலப்பதிகாரத்திலும் இவ்வாறே. செங்கோலும் வெண்குடையும் வீழக் கனவு கண்டாள் கோப்பெருந்தேவி. அவள் அதனை அரசனிடம் கூறிக்கொண்டிருக்கும்போதே கண்ணகி வாயிலில் வந்து நின்றாள். குடை வீழ்ந்தது கனவின் கொடுமையால் அன்று; ஆராயாமல் ஒருவனைக் கொல்வித்த தீர்ப்பினால்.

பிள்ளையின் தலையில் முடி

'முடி உன் மகன்' என்று சச்சந்தன் சொன்ன சொல்லில் நம் மனம் நிலைத்துவிடுகிறது. பிறவாத குழந்தைக்கு முகம் இல்லை, பெயர் இல்லை. அதற்குள் முடி இருக்கிறது. பெற்றோர் உள்ளம் அன்றும் இன்றும் அத்தகையதே.

தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரையில் ஜி.எஸ்.டி. சாலையில் வருவோர், பயிற்சி நிலையங்களின் பதாகைகளைக் காணாமல் வர இயலாது. மதிப்பெண் மிகுதியாகப் பெற்ற பிள்ளைகளின் படங்களை அச்சிட்டு, சிலவற்றில் தலைமேல் பொன்னிற முடியையும் வரைந்திருப்பர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து பணியின் பொருட்டுப் புறநகருக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பல. நாளும் அந்தப் பதாகைகளின் கீழே செல்லும் தாயின் கனவில் முடி வாராமல் வேறு என்ன வரும்?

நம் குடும்பத்து இளந்தாய் ஒருவர் ஒருநாள் நம்மிடம் வந்தார். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் பயில்கிறான். விடியற்காலையில் அவன் தலையில் முடி இருக்கக் கனவு கண்டாராம். அதனால் மருத்துவப் படிப்பு உறுதி என்று அவர் நம்பினார். மகனோ வேளாண்மை பயில விரும்பினான். கனவைச் சொல்லிச் சொல்லி அவனை வற்புறுத்தியதில், அவன் வீட்டில் வாய் திறந்து பேசுவதையே குறைத்துவிட்டான்.

"டீச்சரம்மா, நீங்களே அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நல்ல சகுனம் அல்லவா?" என்றார்.

"சொல்கிறேன் அம்மா. கனவில் அவன் முகம் எப்படி இருந்தது? சிரித்தானா?" என்று கேட்டோம்.

அவர் நெடுநேரம் நினைத்துப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "முகம் தெரியவில்லை, டீச்சரம்மா. முடி மட்டுந்தான் பளபளவென்று தெரிந்தது" என்றார்.

அதன்பின் நாம் அறிவுரை கூறத் தேவை நேரவில்லை. அவர்கள் என்ன முடிவு செய்தனர் என்பது அவர்கள் இல்லத்துச் செய்தி. ஆனால் அந்த அன்னையின் விடை நம் எல்லார்க்கும் உரியது. முடியின் ஒளியில் முகம் மறைந்துவிடுகிறது. ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று. வழிவழியாக நிலத்தை உழுது அறம் வளர்த்த குடியில் பிறந்த பிள்ளை உழவை விரும்பினால், அவன் தலையிலிருந்து எந்த முடி கீழே விழுந்துவிடப் போகிறது?

அகிம்சை என்பதை நாம் சிற்றுயிர்களிடத்தில் மிக நுட்பமாகக் காக்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம்; பொழுது சாயுமுன் உண்கிறோம். நம் கனவின் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றி அழுத்துவதும் ஓர் உயிருக்குச் செய்யும் துன்பமே என்பதையும் எண்ணுதல் வேண்டும். அவ்வுயிர் தன் வினையோடு, தன் முயற்சியோடு, தன் வழியில் வந்த உயிர். அது நம் வயிற்றில் தங்கியது. நம் உடைமை ஆகிவிடவில்லை.

கனவு பலித்த பின்

விசயையின் கனவு பலித்தது. சுடுகாட்டில் பிறந்து, வணிகன் கந்துக்கடன் இல்லத்தில் வளர்ந்த சீவகன் கட்டியங்காரனை வென்று முடி சூடினான். எட்டு மாலைகளும் எட்டுத் தேவியராக வந்தன. வேறு கதையாயின் இங்கே நிறைவுற்றிருக்கும். திருத்தக்கதேவர் இங்கே நிறுத்தவில்லை.

மகன் முடி சூடக் கண்ட விசயை, அரசமாதாவாக மாளிகையில் அமர்ந்து மகிழ்ந்திருக்கலாம். அவள் செய்தது வேறு. தன் துன்பக் காலத்தில் துணைநின்ற தெய்வத்திற்குக் கோயில் எடுப்பித்தாள். நன்றிக் கடனைத் தீர்த்தாள். பின்னர்த் துறவு பூண்டாள். கனவில் முடியைக் கண்டவளே, அது நனவானபோது அதனைவிட்டு நடந்தாள். காணவேண்டியது அதற்கப்பாலும் இருக்கிறது என்பதை அவள் அறிந்திருந்தாள்.

சீவகனும் ஒருநாள் பொழிலில் ஒரு காட்சி கண்டான். கடுவன் ஒன்று பலாப்பழத்தைத் தன் மந்திக்கு அன்போடு அளித்தது. காவற்காரன் அவற்றை ஓட்டிவிட்டுப் பழத்தைக் கைப்பற்றினான். சீவகன் உள்ளம் அதிர்ந்தது. பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரனைப் போன்றது. பறித்துக்கொண்ட காவலன் தன்னைப் போன்றவன் என்று எண்ணினான். தந்தையைக் கொன்றவனிடமிருந்து மீட்ட முடி அது. உலகோர் கண்ணில் அவனுக்கு உரிய முடி. ஆயினும் கையிலிருந்து கைக்குப் பறிபோகும் பழம் என்பதில் வேறுபாடு இல்லை என்று தெளிந்தான். மகனுக்கு அரசை அளித்து, மகாவீரர் திருமுன்பு சென்று, அணிகளைக் களைந்து தவம் ஏற்றான்; முத்தி எய்தினான்.

இது கனவன்று; நனவில், விழித்த கண்ணோடு கண்ட காட்சி. கனவு அவனுக்கு முடியை முன்னறிவித்தது. முடியைக் கழற்றும் அறிவை நனவே தந்தது.

சேர நாட்டு இளவரசர் ஒருவரும் இதற்குச் சான்று. அரசு வீற்றிருக்கும் இலக்கணம் அவரிடம் உண்டு என்று நிமித்திகன் உரைத்தான். அதனால் அண்ணன் செங்குட்டுவன் உள்ளம் வருந்தலாகாது என்று, அப்பொழுதே குணவாயிற் கோட்டத்தில் துறவு பூண்டார் அவர். நிமித்தம் சொன்னதைக் கேட்டார், அதற்கு அடிமையாகவில்லை. முடி சூடிய சேரர் பலர் பெயரை நாம் அறியோம். முடியை மறுத்த இளங்கோவடிகளின் பெயரைத் தமிழ் உள்ளளவும் அறிவோம்.

ஆகவே, கனவில் மணிமுடியைக் கண்டவர் அஞ்சவும் வேண்டா. ஆரவாரம் செய்யவும் வேண்டா. எழுந்ததும் பஞ்சநமஸ்காரம் கூறிவிட்டு மூன்று வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொண்டால் போதும். இந்த முடியின் அடியில் வீழ்ந்து கிடக்கும் மரம் எது? இதனைத் தாங்க வேண்டிய தலைக்கு உரியவரின் முகத்தை நான் கண்டேனா? முடிக்குப் பதிலாகப் பிறர்க்கு நிழல் தரும் குடையாக நான் இருக்க இயலுமா?

முதல் வினா நம்மிடம் செருக்கு எழாமல் காக்கும். இரண்டாவது நம் பிள்ளைகளைக் காக்கும். மூன்றாவது, முடியில்லாத திருத்தலையோடு முக்குடையின் கீழ் வீற்றிருக்கும் பெருமானை நாளும் நம் நினைவில் நிறுத்தும்.

வளர்க அருகன் அறம்!